பூட்டிக் கிடக்கும் நாள்களுக்கும் சேர்த்து ஒரு வீடு

வாசகியின் கடிதம்:

நங்கநல்லூரில் வசிக்கிறோம். நான், கணவர், கல்லூரியில் ஒன்றும் பத்தாம் வகுப்பில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள், 72 வயது மாமியார். ஏற்காட்டில் ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, பழைய காப்பித் தோட்டம் ஒன்றைப் பிரித்து விற்றதில் 20 சென்ட் வாங்கியிருக்கிறோம். ஒரு பக்கம் காப்புக்காடு. நிலம் எட்டடிக்கு ஓரடி சரிகிறது. ஐந்து சில்வர் ஓக் மரங்களும் நடுவில் ஒரு பெரிய பலாவும் நிற்கின்றன. விடுமுறைக்குப் போய்த் தங்க, சிறியதாகவும் நவீனமாகவும் ஒரு வீடு கட்ட ஆசை. 1,200 சதுர அடி, இரண்டு தளம், காட்டைப் பார்த்து முழுச் சுவருக்கும் கண்ணாடி, மேலே உட்கார மொட்டை மாடி, பலா மரத்தைச் சுற்றி மரப்பலகைத் தளம் என்று மனத்தில் ஒரு படம் இருக்கிறது. கன்டெய்னர் வீடு வைத்தால் ஒரே மாதத்தில் முடிந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். கையில் 35 லட்சம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கட்டடக் கலைஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மே மாதத்தில் பத்து நாள், காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் நான்கைந்து நாள், பொங்கல், இடையே சில சனி, ஞாயிறு. ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அதிலும் பாதிதான் வாய்க்கும். தாராளமாகக் கூட்டினாலும் ஆண்டில் நாற்பது நாள். மீதி 325 நாள் அந்த வீடு பூட்டிக் கிடக்கும். உங்கள் மனத்தில் இருக்கும் படத்தில் அந்த நாற்பது நாளுக்கான வீடு அழகாகவே இருக்கிறது. ஆளில்லாத 325 நாளும் தனியாக மலையில் நிற்கப்போகும் வீடு அதில் எங்கும் தென்படவில்லை.

பூட்டிய வீடு என்றால் என்னவென்று நங்கநல்லூரில் இருந்துகொண்டு ஊகிப்பது கடினம். ஊரில் எந்த வீடும் உண்மையில் பூட்டிக் கிடப்பதில்லை. வெளியூர் போனாலும் பக்கத்து வீட்டில் சாவி இருக்கும், வெயில் இருக்கும். ஏற்காட்டில் மழைக்காலம் முழுவதும் மூடிக் கிடந்த ஒரு வீட்டை மார்கழியில் திறக்கும்போது உடன் நின்றிருக்கிறேன். கதவு உப்பிப் போய்த் தோளால் இடித்துத் திறக்க வேண்டியிருந்தது. ஈரத் துணியின் நெடி முகத்தில் அறைந்தது. சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த மர அலமாரியின் முதுகெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சணம். மெத்தையின் ஒரு மூலையைக் குடைந்து எலி குட்டி போட்டிருந்தது. மிக்ஸி ஒயரைக் கடித்திருந்தது. அந்தக் குடும்பம் நான்கு நாள் தங்க வந்தது. முதல் இரண்டு நாள் துடைப்பதிலேயே போயிற்று. மூன்றாம் முறை இப்படி ஆன பிறகு அவர்கள் வருவதையே குறைத்துக்கொண்டார்கள். நல்ல பணம் போட்டுக் கட்டிய வீடு அது.

ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான்: ஆளில்லாதபோதும் மூச்சு விடும் வீடாகக் கட்டுங்கள். கதவையும் ஜன்னலையும் மூடிய பிறகும் காற்று ஓட வழி இருக்க வேண்டும். கூரையை ஒட்டிச் சுவரின் உச்சியில் ஓரடி உயரத்துக்குத் திறப்பு, எதிர்ச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இன்னொரு திறப்பு, இரண்டும் எப்போதும் மூடாதவை. கீழே நுழையும் காற்று மேலே வெளியேறும். அவற்றில் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பி வலை அடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய கண்ணில் சுண்டெலி நுழைந்துவிடும். கொசுவலை மட்டும் அடித்தால் எலி ஒரே இரவில் அறுத்துவிடும். கொசுவுக்கு உட்புறம் தனியாக ஒரு வலைச்சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிருமே என்று கேட்பீர்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், மார்கழியில் குளிரத்தான் செய்யும். நீங்கள் தங்கும் நாள்களில் மட்டும் மூடிக்கொள்ள மேல் திறப்புக்கு உள்ளே ஒரு பலகைக் கதவு வைக்கலாம். கிளம்பும்போது அதைத் திறந்துவிட்டுப் போக வேண்டும். வீட்டைப் பூட்டும் வேலையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காகிதங்கள். வரைபடத்துக்கு முன்னால் இது முடிந்தாக வேண்டும். மலையிடப் பாதுகாப்புக் குழுமம், அலுவலகப் பேச்சில் 'ஹாகா', 1990ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டடம் கட்ட, நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியோடு வனத்துறை, புவியியல் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகளும் கேட்கப்படும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இது பொருந்தும். உங்கள் சர்வே எண்ணைக் கொண்டுபோய், எந்தச் சான்று யாரிடமிருந்து வேண்டும் என்று நேரில் கேளுங்கள். விற்றவர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பழைய தோட்டத்தைப் பிரித்து விற்றது என்று எழுதியிருப்பதால் இன்னும் மூன்று கேள்விகள் எழுகின்றன. அந்த மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா? மூல நிலம் நிபந்தனைப் பட்டாவா, அரசு ஒப்படை செய்த நிலமா? 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலம் ஏதேனும் அதில் சேர்ந்திருக்கிறதா? அப்படிப்பட்ட நிலத்தை மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் விற்பதே தவறு. மரங்களுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்து மரத்துக்கும் பொருந்தும். உங்கள் மரம் என்பதால் நீங்களே வெட்டிவிட முடியாது. காப்புக்காட்டை ஒட்டிய பக்கத்தில் வனத்துறையின் எல்லைக் கல் எங்கே இருக்கிறதென்று அளவையர், வனக்காவலர் இருவரும் இருக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் மாதங்கள் ஆகலாம். ஆகட்டும். அதற்குள் நிலத்தை நன்றாகப் பழகிக்கொள்ளலாம்.

இனி நிலம். எட்டடிக்கு ஓரடிச் சரிவு என்பது உங்களுக்கு வாய்த்த நல்ல விஷயம். பெரும்பாலான ஒப்பந்ததாரர்கள் வந்ததும் முதலில் பொக்லைனைக் கொண்டுவந்து சரிவை வெட்டிச் சமமாக்கலாம் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். வெட்டிய மண் கீழே தளர்ந்து கிடக்கும், மேலே செங்குத்தாக நிற்கும் மண் சுவர் முதல் கனமழைக்குச் சரியும், பிறகு வீட்டைவிடத் தடுப்புச் சுவருக்கு அதிகம் செலவாகும். மரங்களின் வேர்களும் அந்த வெட்டிலேயே போய்விடும். மரக்கிளை எதுவரை விரிந்திருக்கிறதோ அதுவரை வேர் இருக்கிறது என்று குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் கால்களின் மேல் நிறுத்துங்கள். சரிவுக்குக் குறுக்கே நீளமாக, 28 அடி நீளம், திண்ணையோடு சேர்த்து 26 அடி அகலம். அந்த அகலத்துக்குள் நிலம் மூன்றே கால் அடி இறங்கும். மேட்டுப் பக்கத்துப் பாதையிலிருந்து 12 அடி நீளத்தில் ஒரு சாய்வுப் பாலம் போட்டு அதில் ஓரடி ஏறினால், வீட்டின் தரை மேட்டுப் பக்கத்தில் மண்ணிலிருந்து இரண்டரை அடி உயரத்திலும் பள்ளத்துப் பக்கத்தில் ஏறக்குறைய ஆறடி உயரத்திலும் நிற்கும். உங்கள் மாமியார் ஒரு படி கூட ஏறாமல் வீட்டுக்குள் போகலாம். 12 அடிக்கு ஓரடி என்பது சக்கர நாற்காலிக்கும் பொருந்தும் சாய்வு. மழையில் பாசி பிடிக்கும் என்பதால் பாலத்துக்கு வழுவழுப்பான பலகை வேண்டாம், கரடான கல்பலகை போடுங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள்.

தரைக்குக் கீழே ஏன் இரண்டரை அடி? ஓரடி மட்டும் விட்டால் அந்த இருட்டு பாம்புக்கும் பெருச்சாளிக்கும் உகந்த இடமாகிவிடும். இரண்டரை அடி இருந்தால் ஆள் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம், சருகைக் கூட்டி எடுக்கலாம், காற்று தடையின்றிப் போகும். ஈரம் தரை வழியாக ஏறவே ஏறாது. கறையானுக்கும் இதுவே காவல். கால்களைக் கருங்கல்லில் நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் ஓரம் கீழ்நோக்கி மடிந்த ஒரு துத்தநாகத் தகட்டைக் கவிழ்த்து வையுங்கள். தகடு கறையானை முழுதாகத் தடுத்துவிடாது. ஆனால் அது மேலே ஏற வேண்டுமானால் தகட்டின் விளிம்பைச் சுற்றி வெளியே மண் குழாய் கட்டித்தான் ஏற முடியும். பென்சில் பருமனில் செம்மண் கோடு தெரிந்ததும் காவலாள் குச்சியால் தட்டிவிடுவார். மண்ணில் நேராக அஸ்திவாரம் போட்ட வீட்டில் அந்தக் கோடு சுவருக்குள்ளேயே ஏறும், கதவு நிலை உளுத்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

கருங்கல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் பரங்கிமலையின் பாறையும் சேர்வராயன் மலையின் பாறையும் ஒரே இனம். சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893ல் அவர் பெயரையே வைத்தார். நீர் குடிக்காத, காலத்துக்கும் நிற்கும் கல். மலையிலேயே கிடைக்கும் இதைக் கால்களுக்கும் வடிகாலுக்கும் பயன்படுத்துங்கள். கீழிருந்து லாரியில் ஏற்ற வேண்டியது குறையும்.

வடிகாலை மறக்க வேண்டாம். வீட்டுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, பிறை வடிவில் ஒரு கல் வாய்க்கால் வெட்டி, மேட்டிலிருந்து வரும் மழைநீரை வீட்டின் இரு பக்கமாகத் திருப்பிவிடுங்கள். இது இல்லாமல் மலையில் எந்த வீட்டையும் நான் வரைவதில்லை.

இப்போது அளவு. 1,200 சதுர அடி வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. உள்ளே 28க்கு 18 அடி, அதாவது 504 சதுர அடி. முன்னால் பள்ளத்தைப் பார்த்து 28க்கு 8 அடியில் திண்ணை. ஒரே தளம். மாடிப்படி இடத்தைத் தின்னும், மாமியாருக்குப் பயன்படாது, காலியாகக் கிடக்கும் அறைகளைத்தான் பெருக்கும்.

சிறிய வீடு என்றால் வசதிக்குறைவு என்று பொருளில்லை. சண்டிகரை வடிவமைத்த லெ கார்புசியே 1952ல் பிரான்சின் தென்கடலோரத்தில் தனக்கென ஒரு விடுமுறைக் குடில் கட்டிக்கொண்டார். 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், அதாவது பன்னிரண்டடிச் சதுரம். படுக்கை, மேசை, கழிப்பிடம் எல்லாம் அதற்குள். சமையலறை கிடையாது. அடுத்திருந்த உணவகத்தில் சாப்பிட்டார். சண்டிகரின் சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் அடங்கிய கேப்பிட்டல் வளாகமும் அந்தக் குடிலும் 2016ல் ஒன்றாகவே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. எந்த வேலையை வீட்டுக்குள் செய்யப்போகிறோம், எதை வெளியே விட்டுவிடலாம் என்ற தெளிவு இருந்ததால்தான் அவ்வளவு சிறிதாகக் கட்ட முடிந்தது.

உங்கள் வீட்டில் 28 அடி நீளத்தில் 16 அடி கூடத்துக்கு, 12 அடி படுக்கையறைக்கும் குளியலறைக்கும். கூடத்தின் ஒரு சுவரோடு எட்டடி நீளச் சமையல் மேடை. தனி அறை வேண்டாம், நான்கு நாள் விடுமுறையில் ஒருவர் மட்டும் சுவருக்குப் பின்னால் நின்று தோசை ஊற்றுவதில் என்ன நியாயம்? எதிர்ச் சுவரின் ஜன்னலுக்குக் கீழே, மூன்றடி அகலத்தில் இரண்டு நீள இருக்கைகள். பகலில் உட்கார, இரவில் படுக்க. ஒவ்வொன்றின் அடியிலும் சக்கரம் வைத்த இன்னொரு கட்டில் உள்ளே தள்ளி இருக்கட்டும். நான்கு பேர் அங்கே படுக்கலாம். படுக்கையறை பன்னிரண்டுக்குப் பதினோரடி, மாமியாருக்கும் உடன் யாரேனும் ஒருவருக்கும். குளியலும் கழிப்பிடமும் அதை ஒட்டித் தனித்தனிக் கதவோடு இருக்கட்டும். ஐந்து பேருக்கு ஒரே குளியலறை போதும், அவை இரண்டும் பிரிந்திருந்தால். வாசலில் மேடு இல்லாமல் தரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். கழிப்பிடத்தில் பிடித்து எழக் கம்பி கட்டாயம்.

உண்மையில் நீங்கள் வாழப்போகும் இடம் அந்தத் திண்ணைதான். எட்டடி அகலம் இருந்தால் சாரல் அடித்தாலும் உள் பாதி நனையாது. ஊஞ்சல் போடலாம், காய் நறுக்கலாம், மதியம் பாய் விரிக்கலாம். அந்த மலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் தட்டியில் செம்மண் பூசிய சுவர், காதுவரை இறங்கிய புல் கூரை, அதன் நிழலில் திண்ணை. அந்த இடத்தின் மழையும் காற்றும் எப்படிப்பட்டவை என்பதை அந்தக் கூரை உங்களுக்குச் சொல்லும்.

மொட்டை மாடி ஆசையை விட்டுவிடுங்கள். காட்டில் தட்டையான கூரை சருகு சேரும் தட்டு. நீர்க்குழாய் வாயில் நான்கு சில்வர் ஓக் இலை அடைத்தாலே குளம் கட்டும். பார்க்க ஆளில்லை. மூன்று மாதம் கழித்து நீங்கள் வரும்போது கான்கிரீட் கசிந்து கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். இரண்டு பக்கமும் சரியும் கூரை, நான்கு புறமும் மூன்றடி வெளியே நீட்டிய இறவாரம். ஓடு எனக்குப் பிடிக்கும், ஆனால் நாட்டுக் குரங்குகள் கூட்டமாக ஓடும் இடத்தில் ஓடு நிலைக்காது. பூச்சுள்ள உலோக ஷீட் போட்டு, அடியில் வெப்பமும் சத்தமும் தடுக்கும் அடுக்கு வைத்து, அதற்கும் கீழே மரப்பலகை அடித்துவிடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியின் எல்லா முனைகளையும் அதே ஆறு மில்லிமீட்டர் வலையால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் இரவு முழுவதும் எலி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருப்பீர்கள். சித்திரை, வைகாசியில் அங்கே இடி பலமாக விழும். இடிதாங்கியும் நல்ல எர்த்தும் செலவைக் குறைக்கும் பட்டியலில் வரவே கூடாது.

சட்டத்துக்குத் துத்தநாகம் பூசிய இரும்பு. சேலத்தில் பட்டறையிலேயே அளவுக்கு வெட்டித் துளையிட்டு, மேலே கொண்டுபோய் போல்ட் போட்டு நிறுத்தலாம். நான்கு பேர் தூக்கக்கூடிய எடையில் ஒவ்வொரு துண்டும் இருக்கட்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடைசிக் கால் கிலோமீட்டர் காப்பிச் செடிகளுக்கு இடையில் தலைச்சுமையாகத்தான் போகப்போகிறது. நிலைகளுக்கும் இருக்கைகளுக்கும் சென்னையிலேயே பழைய மரம் தேடுங்கள். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இடிக்கப்படும், மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரையுள்ள பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் பர்மா தேக்கு உத்திரங்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. பல தலைமுறை காய்ந்த மரம், ஈரத்துக்கு எளிதில் முறுக்கிக்கொள்ளாது.

கண்ணாடிச் சுவரைப் பற்றி நான் நீளமாக எழுதியே ஆக வேண்டும்.

2011ல் வேறொரு மலையில் ஒரு வீடு வரைந்தேன். காட்டைப் பார்த்து 20 அடி நீளத்துக்குத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வீட்டுக்காரர் மகிழ்ந்தார், எனக்கும் பெருமை. புதுமனைப் புகுவிழா முடிந்த மறுநாள் காலை அந்தக் கண்ணாடிக்கு வெளியே, தரையில் ஒரு மரகதப்புறா கிடந்தது. நம் மாநிலப் பறவை. முதுகின் பச்சை அந்த வெயிலில் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது, அலகில் ஒரு துளி ரத்தம், உடம்பில் சூடு ஆறியிருக்கவில்லை. கண்ணாடியில் புறா மோதிய இடத்தில் சிறகு விரித்த வடிவத்திலேயே வெள்ளைத் தூசி படிந்திருந்தது. எதிரே நின்ற மரங்கள் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தன. பறவைக்கு அது காடு. மரகதப்புறா தாழ்வாக, அம்பு போல நேராகப் பறக்கும் பறவை. அது எங்கே தவறு செய்தது? நான் வரைந்த கோடு அது. அந்த ஆண்டுக்குள் அங்கே இன்னும் பல பறவைகள் விழுந்தன. பிறகு நாங்களே போய் அந்தக் கண்ணாடி முழுவதும் வெளிப்புறத்தில் புள்ளிகள் ஒட்டினோம். மோதல் பெரிதும் குறைந்தது.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. கண்ணாடியை ஆழமான இறவாரத்துக்கு உள்ளே வையுங்கள். உங்கள் எட்டடித் திண்ணைக்குப் பின்னால் இருந்தால் வானமும் மரமும் அதில் அவ்வளவு தெளிவாகப் பிரதிபலிக்காது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளியோ கோடோ இருக்கட்டும். அதைவிட அகன்ற இடைவெளியில் பறவை புகுந்துவிடப் பார்க்கும். ஓரிரண்டு பருந்துப் படம் ஒட்டினால் பயனில்லை. இதைவிட எளிய வழி ஒன்று உண்டு: ஜன்னலுக்கு வெளியே வலைச்சட்டம். பறவை மோதினாலும் அடிபடாது, குரங்கும் நுழையாது. எதிரெதிர்ச் சுவர்களில் நேருக்கு நேராகக் கண்ணாடி வைத்து வீட்டை ஊடுருவிப் பார்க்கும்படி செய்ய வேண்டாம். முழுச் சுவருக்குப் பதிலாக, உட்கார்ந்தால் கண் மட்டத்தில் வரும்படி ஆறடி நீளத்தில் ஒரு ஜன்னல், படுத்தால் தெரியும்படி தாழ்வாக இன்னொன்று. காட்டை இப்படித் துண்டாகப் பார்க்கும்போதுதான் ஒரு கிளையில் அணில் ஓடுவது கண்ணில் படும்.

குரங்குக்கு இழுத்துத் தள்ளும் ஜன்னலைத் திறக்கத் தெரியும். உள்ளிருந்து பூட்டக்கூடிய தாழ்ப்பாளாகப் பாருங்கள்.

பலா மரத்தைச் சுற்றித் தளம் கட்டக் கூடாது. பழக்காலத்தில் ஐந்து கிலோவும் பத்துக் கிலோவும் உள்ள பழம் உயரத்திலிருந்து விழும். கீழே விழுந்து பழுத்த வாசனைக்குக் காட்டு மாடு இரவில் வரும். அவை வழக்கமாக வந்து போகும் இடம் அது, நீங்கள் வாங்குவதற்கு முன்பே. வீட்டை அந்த மரத்திலிருந்து முடிந்தவரை தள்ளி வைத்துத் திண்ணையிலிருந்து பாருங்கள். சில்வர் ஓக் இன்னொரு காரணத்துக்காக ஆபத்து. அதன் கிளைகள் எளிதில் முறியும், பலத்த காற்றில் திடீரென்று ஒடிந்து விழும். கூரைக்கு மேல் நீளும் கிளைகளை மட்டும் அனுமதி பெற்று, மரம் ஏறத் தெரிந்த தோட்டத் தொழிலாளியைக் கொண்டு கழித்துவிடுங்கள்.

சுற்றுச்சுவர் வேண்டாம், முள்கம்பியும் வேண்டாம். எல்லைக்கு உயிர்வேலி போதும், காட்டுப் பக்கத்தில் விலங்கின் தடம் இருந்தால் அந்த இடத்தைத் திறந்தே விடுங்கள். வெளியே விளக்கு என்றால் இடுப்பு உயரத்தில், கீழ்நோக்கி, மஞ்சள் ஒளியில், நீங்கள் அணைக்கக்கூடியதாக. இரவெல்லாம் எரியும் வெள்ளை விளக்கு பூச்சியைக் குவிக்கும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும்.

மாசியிலிருந்து சித்திரை வரை சருகு காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன நம் சென்னைப் பிள்ளைகள் தீயில் சிக்கியதை மறக்க முடியாது. வீட்டைச் சுற்றி முப்பதடிக்குச் சருகைக் கூட்டி அகற்றுவதையும், கூரை ஓரங்களைத் துடைப்பதையும் காவலாளின் வேலையில் எழுதியே வையுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். வாரம் ஒரு நாள் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் திறந்து வைத்து மூடுவது அவர் செய்யும் மிகப் பெரிய உதவியாக இருக்கும்.

கன்டெய்னரைப் பற்றி உறவினரிடம் சொல்லிவிடுங்கள்: உள் அகலம் ஏழே முக்கால் அடிக்கும் குறைவு, வெப்பத்தடுப்பு ஒட்டினால் ஏழடிதான் மிஞ்சும். ஈரக்காற்றில் உட்சுவர் வியர்க்கும். அந்த வளைவுகளில் ஏற்றுவதும் காப்பிச் செடிகளுக்கு நடுவே கிரேன் நிறுத்துவதும் உங்கள் நிலத்தைப் பாழாக்கும்.

தண்ணீர் விஷயத்தைச் சென்னைக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2003லிருந்து நம் வீடுகளில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம், 2019 கோடையில் லாரிக்குக் காத்திருந்த நினைவும் இருக்கும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இறவாரம் உட்பட உங்கள் கூரை 34க்கு 32 அடி, நூறு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மரம் கவியாத ஒரு பக்கத்துக்கு மட்டும் கூரை ஓரத்தில் அகலமான தகர வாய்க்கால் வைத்தால், நூறு மில்லிமீட்டர் மழைக்கு வீணானது போக நான்காயிரம் லிட்டர் சேரும். மறுபக்கம் நீர் நேராகக் கீழே கூழாங்கல் பரப்பிய பள்ளத்தில் சொட்டட்டும். அங்கே குழாய் வைத்தால் சருகுதான் நிரம்பும். கழிவுநீர்த் தொட்டியின் உறிஞ்சு குழி, உங்கள் கிணற்றுக்கும் அக்கம்பக்கத்துக் கிணற்றுக்கும் சுனைக்கும் குறைந்தது 18 மீட்டர் தள்ளி, அவற்றுக்குக் கீழ்ச்சரிவில் அமைய வேண்டும். சூரியத் தகடு ஒரு கிலோவாட்டுக்கு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். மர நிழலில் அதை எதிர்பார்க்காதீர்கள். விளக்குக்கும் பம்புக்கும் போதுமான அளவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கைக்குப் பருத்திப் பஞ்சு மெத்தை வேண்டாம், ஈரம் குடிக்கும். கனமில்லாத மெத்தையும் கோரைப்பாயும் போதும். கிளம்பும்போது போர்வை, தலையணை உறைகளை வெயிலில் காயவைத்து, பழைய ட்ரங்குப் பெட்டியில் வசம்பும் வேப்பிலையும் போட்டு மூடிவிடுங்கள். அலமாரிகளைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, பின்பலகை இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். அரிசி, பருப்பு ஒரு மணி கூட அங்கே மிச்சம் வைக்காதீர்கள்.

35 லட்சத்தில் காற்பங்கை வீட்டுக்கு வெளியே உள்ளவற்றுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்: பாதை, பாலம், வடிகால், நீர்த்தொட்டி, கழிவுநீர், மின்சாரம். மலையில் பணம் தீர்ந்துபோவது பெரும்பாலும் இவற்றில்தான். மிச்சத்துக்குள் 504 சதுர அடியும் திண்ணையும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் திண்ணையைக் குறைக்காதீர்கள், கூடத்தைக் குறையுங்கள்.

ஐப்பசியில் ஒரு முறை, மழை பெய்துகொண்டிருக்கும் போதே, குடும்பத்தோடு போய் வாருங்கள். எந்த வழியாக நீர் ஓடுகிறது என்று பார்த்து, ஓடும் தடத்தில் குச்சிகளை நட்டு, புல வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மரத்தின் இடத்தையும் அடிமரச் சுற்றளவையும் அதில் எழுதுங்கள். மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். மழை விட்டதும் உங்கள் மாமியாரிடம், எங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கிறது என்று கேட்டு, அவர் காட்டும் இடத்தில் போடுங்கள். அந்த இடத்தையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்து எனக்கு அனுப்புங்கள். திண்ணையை அங்கிருந்து வரையத் தொடங்குகிறேன்.